ஒரு ரூபாய்க்கு வாங்கிய குச்சிக்கிழங்கு

அந்த வியாழக்கிழமை காலையில் ரிப்போர்ட்டைத் திறந்ததும் முதலில் சிரிப்புதான் வந்தது. முந்தின நாள் மட்டும் 31 லோடு குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, மில்லுக்குள் இறங்கியிருக்கிறது. எல்லா லோடுக்கும் ஒரே விலை, 1 ரூபாய். அப்புறம்தான் வயிற்றைக் கலக்கியது. நாங்கள் நாலு பேரும் இரண்டு வாரம் உட்கார்ந்து செய்து கொடுத்த கொள்முதல் திரை அது. டெமோ காட்டியபோது முதலாளி, அவர் மகன், மேனேஜர் என்று எல்லோரும் தலையாட்டி ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் அலுவலகம் சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம், ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில். வேலை ஆத்தூர் போகிற வழியில் இருக்கும், ஜவ்வரிசி செய்கிற ஒரு சேகோ மில்லுக்கு. கிழங்கு வாங்குவது, எடை போடுவது, விவசாயிக்குப் பணம் பட்டுவாடா செய்வது, இதற்கெல்லாம் ஒரு மென்பொருள். இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றுபோன காலத்தில் இங்கே குச்சிக்கிழங்கை வைத்து ஆரம்பித்த தொழில் இது. 1981ல் மில்லுக்காரர்களுக்கென்று சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது, 2023ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இத்தனை வருஷம் நடக்கிற தொழிலில் கணக்கு நேர்கோடாகத்தான் இருக்கும் என்று நம்பி இறங்கினோம். கிழங்கு வரும், எடை போடுவோம், விலையால் பெருக்குவோம், பணம் கொடுப்போம். இதில் என்ன இருக்கிறது?

தேவைகளைக் கேட்கிற முதல் கூட்டம் மில்லின் ஏசி அறையில் நடந்தது. முதலாளி நல்ல மனிதர். முந்திரியும் காபியும் வந்தது. "எல்லாம் வரணும் தம்பி. நான் ஏற்காட்டுல இருந்தாலும் மொபைல்ல பாக்கணும்" என்றார். எது எல்லாம் என்று கேட்டோம். "எல்லாம்தான்" என்றார். நாங்களும் விடவில்லை. இரண்டு மணி நேரம் பேசி, அலுவலகத்துக்குத் திரும்பி 43 யூசர் ஸ்டோரி (யாருக்கு என்ன, எதற்கு வேண்டும் என்று சுருக்கமாக எழுதும் குறிப்பு) எழுதி, வேலைப் பட்டியல் வைக்கிற ஜிரா மென்பொருளில் அடுக்கினோம். 'கொள்முதல் எழுத்தராக, நான் லோடைப் பதிவு செய்ய விரும்புகிறேன், அதனால்...' என்கிற அச்சில் வார்த்த மாதிரி 43. எங்களில் ஒருவன் கூகுள் ஃபார்ம் ஒன்று தயாரித்து மேனேஜருக்கு அனுப்பினான். 22 கேள்வி. 22க்கும் 'ஆம்' என்று பதில் வந்தது.

இதற்கு முன்னால் வெளியூரில் ஒரு கம்பெனியில் இருந்தபோது நான் 80 பக்கத் தேவை ஆவணமே எழுதியிருக்கிறேன். வாடிக்கையாளர் அதைப் படிக்காமல் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டதைக் கண்ணால் பார்த்தவன். அந்த வழி பிடிக்காமல்தான், கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து காட்டித் திருத்திக்கொண்டே போகிற அஜைல் முறைப் பக்கம் சாய்ந்தேன். யோசித்துப் பார்த்தால், 80 பக்கத்தை 43 துண்டாகக் கிழித்து வைத்ததைத் தவிர இந்த முறை நான் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை.

சரி, 1 ரூபாய்க்கு வருவோம். போன் போட்டுக் கேட்டிருக்கலாம். என்னமோ அன்றைக்குத் தோன்றவில்லை. புதிய பேருந்து நிலையத்தில் ஆத்தூர் பஸ் ஏறிப் போய் இறங்கி, நேராக எடைமேடைக்கு நடந்தேன்.

எடைமேடையைப் பார்க்கிறவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். எல்லோரும் அவரைக் கணக்கர் என்றார்கள், நான் அண்ணா என்றேன். டெமோ நடந்த அன்று அவரும் அறையில் இருந்தார், கதவோரம் நின்றபடி. ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்தை நாங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

"அண்ணா, விலை ஏன் எல்லாத்துக்கும் ஒண்ணுன்னு போட்டிருக்கீங்க?"

"போடாட்டி உங்க மிஷின் உள்ள விட மாட்டேங்குது தம்பி."

அவ்வளவுதான் விஷயம். எங்கள் திரையில் விலை கட்டாயப் புலம். அதை நிரப்பாமல் சேவ் பொத்தான் வேலை செய்யாது. ஆனால் லோடு மில்லுக்குள் வரும் நேரத்தில் விலை என்ற ஒன்றே பிறந்திருக்காது. வண்டி முதலில் பாரத்தோடு எடைமேடை ஏறும். மாதிரிக் கிழங்கு எடுத்துப் பாயிண்ட் பார்ப்பார்கள். களத்தில் கிழங்கைக் கொட்டிவிட்டு வண்டி காலியாகத் திரும்பி வந்து மறுபடி ஏறும். இதற்கே இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். முதலாளி சாயந்திரம் நாலு இடத்தில் விசாரித்துவிட்டு, "இன்னைக்கு பாயிண்டுக்கு இவ்வளவு" என்று போனில் சொன்ன பிறகுதான் விலை. நாங்கள் ஒரே திரையில் ஒரே நிமிடத்தில் நடப்பதாக நினைத்தது, அங்கே காலையில் தொடங்கி இரவு வரை மூன்று நாலு துண்டாக நடக்கிறது. இது ஏன் 43 ஸ்டோரியில் ஒன்றில்கூட இல்லை? யாரும் ஒளிக்கவில்லை. அவர்களுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. மூச்சு விடுவதை யார் தனியாகச் சொல்வார்கள்?

பாயிண்ட் என்றால் என்ன என்பதே எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. கூட்டத்தில் முதலாளி 'தரம்' என்றார். நாங்கள் ஏ, பி, சி என்று ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தோம். நினைத்தால் இப்போதும் கூசுகிறது. மாதிரிக் கிழங்கை ஒரு முறை காற்றில் எடை பார்க்கிறார்கள். பிறகு தண்ணீருக்குள் தொங்கவிட்டு ஒரு முறை. மாவு அதிகமுள்ள கிழங்கு அடர்த்தியானது, தண்ணீருக்குள்ளும் கனமாக நிற்கும். அதை வைத்து மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று வரும். அந்த எண்ணைப் பாயிண்ட் விலையால் பெருக்கினால் டன்னுக்கு விலை. விவசாயிக்கும் மில்லுக்கும் இடையில் மொத்தப் பணமும் அந்த ஒரு எண்ணில்தான் தொங்குகிறது. நாங்கள் அதை மூன்று எழுத்தாகச் சுருக்கியிருந்தோம்.

அன்றிலிருந்து மூன்று நாள் எடைமேடைக்குப் பக்கத்துச் சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்தேன். காலை ஆறு மணிக்கே போய்விடுவேன். லேப்டாப்பைத் திறக்கவில்லை. திறந்தால் மனிதர்கள் ஒழுங்காகப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள், எனக்கு வேண்டியது ஒழுங்கில்லாத பேச்சு. டீக்கு நான் காசு கொடுத்தேன். திப்பி வாடை மூக்குக்குப் பழகிப்போனது. மாவு எடுத்த பின் மிஞ்சுகிற சக்கைக்குத்தான் திப்பி என்று பெயர், மாட்டுத் தீவனத்துக்குப் போகும். களத்தில் காயும் போது அந்தப் புளிப்பு வாடை சட்டையில் ஏறிக்கொள்ளும், வீட்டுக்குப் போனதும் மனைவி சட்டையைத் தனியாக ஊற வைத்தாள்.

"உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்பதை அந்தத் திண்டில்தான் விட்டேன். அதற்குப் பதில் "நேத்து எதுல தகராறு வந்துச்சு?" என்று கேட்டேன். வேண்டியதைக் கேட்டால் மனிதர்கள் யோசித்து நல்ல பிள்ளையாகப் பதில் சொல்வார்கள். தகராறைக் கேட்டால் யோசிக்காமல் கொட்டுவார்கள். ஒரே காலையில் வெட்டுக்கூலி, வண்டி வாடகை, புரோக்கர் கொடுத்த முன்பணம், ஒருவர் கிழங்கு இன்னொருவர் பேரில் ஏறிய கதை என்று ஆறு விஷயம் வெளியே வந்தது. ஆறும் மென்பொருளைத் தொடுகிற விஷயங்கள், ஒன்றுகூட எங்கள் பட்டியலில் இல்லாதவை.

கணக்கர் அண்ணாவிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. ஓரமெல்லாம் மாவும் மண்ணும். நீல மையில் வரிசையாக லோடுகள். அங்கங்கே பாயிண்டைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். இரண்டாம் நாள்தான் அதைக் கவனித்தேன்.

"இந்த வட்டம் எதுக்குண்ணா?"

"அது பேசித் தீர்த்தது."

தராசு 25.5 காட்டியிருக்கும். விவசாயி ஒப்ப மாட்டார். "போன வாரம் இதே காட்டுக் கிழங்கு 27 வந்துச்சே" என்பார். பேச்சு வளரும், பின்னால் நாலு வண்டி ஹாரன் அடிக்கும். கடைசியில் 26 என்று முடியும். வட்டம் போட்ட எண் அந்த 26. அப்படியானால் ஒரு லோடுக்கு ஒரு பாயிண்ட் அல்ல, இரண்டு பாயிண்ட் இருக்கிறது, அளந்தது ஒன்று, பேசியது ஒன்று. இந்த ஒரு சிவப்பு வட்டத்துக்காக எங்கள் டேட்டாபேஸில் இரண்டு அட்டவணையை மாற்ற வேண்டி வந்தது.

அதைவிடச் சங்கடம், இரண்டையும் பதிவு செய்யலாமா என்பதே ஒரு கேள்வி. எவ்வளவு விட்டுக்கொடுக்கப்பட்டது என்று முதலாளிக்குத் தெரிய வேண்டும். அது முதலாளிக்குத் தெரிந்தால் தன் தலை உருளுமோ என்று கணக்கருக்குப் பயம். விவசாயிக்குச் சீட்டில் இரண்டு எண்ணும் தெரிந்தால் நம்பிக்கை வரும், ஆனால் அடுத்த வண்டிக்காரர் அதைக் காட்டியே பேரம் பேசுவார். புத்தகங்களில் 'பயனர்' என்று ஒருமையில் எழுதிவிடுகிறார்கள். இங்கே ஒரே எண்ணுக்கு மூன்று பயனர், மூன்று பேருக்கும் ஆசை வேறு, அச்சம் வேறு. இதை மென்பொருள்காரன் தீர்த்துவைக்க முடியாது, தீர்க்கப் போகவும் கூடாது. மூவரில் இருவரையாவது ஒரே இடத்தில் உட்காரவைத்துப் பேசவிடுவதுதான் என் வேலை என்று புரிந்தது. முதலாளியையே எடைமேடைக்கு அழைத்துவந்து, கணக்கரை வைத்துக்கொண்டே கேட்டேன். முதலாளி கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தார். "அரைப் பாயிண்ட் வரைக்கும் நீயே முடிச்சுக்கோ. அதுக்கு மேல போனா எனக்கு ஒரு போன் போடு" என்றார். இத்தனை வருஷமாக யாரும் வாய்விட்டுச் சொல்லாத விதி ஒன்று அந்த இடத்தில் உருவானது. இரண்டையும் பதிவு செய்வது, சீட்டில் முடிவானதை மட்டும் அச்சடிப்பது என்று முடிந்தது. எனக்கென்னவோ சீட்டிலும் இரண்டையும் போட்டிருக்கலாம் என்றுதான் இன்றும் தோன்றுகிறது. முடிவு என்னுடையது இல்லையே.

யூசர் ஸ்டோரி என்பது அஜைல் முறைகளில் ஒன்றான எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் வழியில் வந்த பழக்கம். அட்டை, உரையாடல், உறுதிப்படுத்தல் என்று அதற்கு மூன்று பகுதி இருப்பதாக, அந்த வழியை உருவாக்கியவர்களில் ஒருவரான ரான் ஜெஃப்ரிஸ் 2001லேயே எழுதிவிட்டார். அதே வருஷம் பிப்ரவரியில்தான் அமெரிக்காவின் யூட்டாவில், ஸ்னோபேர்டு என்ற மலை வாசஸ்தலத்தில் 17 பேர் கூடி அஜைல் அறிக்கையை எழுதினார்கள், ஜெஃப்ரிஸும் அதில் ஒருவர். இதெல்லாம் நேர்காணலில் ஒப்பிக்கிற அளவுக்கு எனக்குத் தெரியும். நாங்கள் அட்டையை மட்டும் எழுதிவிட்டு மற்ற இரண்டையும் விட்டிருந்தோம். அந்த மூன்று நாளுக்குப் பிறகு ஸ்டோரிகளை அழித்துவிட்டு, அங்கே காதில் விழுந்த வார்த்தைகளையே தலைப்பாக வைத்தோம். 'பின்னாடி வண்டி நிக்குது.' 'பேசித் தீர்த்தது.' 'புரோக்கர் கழிச்சது போக.' இப்படி எழுதினால் ஆறு மாதம் கழித்துப் பார்த்தாலும் அந்த முகமும் சண்டையும் நினைவுக்கு வருகிறது. 'கொள்முதல் எழுத்தராக' என்று தொடங்கிய எதுவும் எனக்கு நினைவில் இல்லை.

உறுதிப்படுத்துவதற்கு ஒரு எளிய வழி கிடைத்தது. நோட்டில் போன செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டேன். 28 லோடு. அந்த 28ஐயும் எங்கள் மென்பொருளில் ஏற்றினால், பக்கத்தின் அடியில் அவர் போட்டிருக்கும் கூட்டுத்தொகை ரூபாய் சுத்தமாக வர வேண்டும். வந்தால் முடிந்தது, வராவிட்டால் முடியவில்லை. அதற்கு மேல் நிபந்தனை எதுவும் எழுதவில்லை.

முதல் தடவை வரவில்லை. ஒரு லோடை எடுத்துப் பிரித்துப் பார்த்தோம். நிகர எடை 6,420 கிலோ, 27.5 பாயிண்ட், பாயிண்ட் விலை 290. டன்னுக்கு 7,975 ரூபாய். எங்கள் கணக்கில் 51,199 ரூபாய் 50 காசு. நோட்டில் 51,040. வித்தியாசம் 159 ரூபாய் 50 காசு. அரை மணி நேரம் ஆளுக்கொரு கால்குலேட்டரோடு மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் எங்கள் டீமில் ஒரு பெண், அப்பா விவசாயி, சட்டென்று 159.5ஐ 7.975ஆல் வகுத்துப் பார்த்தாள். சரியாக 20 கிலோ. கணக்கருக்குப் போன் போட்டோம்.

"ஆமா, மண்ணுக்கு இருபது கழிப்போமே."

"எல்லா லோடுக்குமா அண்ணா?"

"மழ பெஞ்சா கூடும். செம்மண் காடுன்னா கூடும். களத்துல பாத்துச் சொல்லுவாங்க."

20 என்பதை நிரலில் பதித்து வைத்திருந்தால் முதல் மழைக்கே மறுபடி உடைந்திருக்கும். விதி மாதிரி தெரிந்த ஒன்று உண்மையில் ஒரு மனிதரின் கண்பார்வை. அதனால் அதற்கு ஒரு காலிப் பெட்டி வைத்தோம், பெட்டிக்கு 'மண்' என்றே பெயர். திரைகளை வடிவமைக்கும் எங்கள் யூஐ பையன் 'கழிவுச் சரிக்கட்டல்' என்று போடலாம் என்றான். வேண்டாம் என்றேன். மூன்றாவது தடவை கூட்டுத்தொகை ரூபாய் சுத்தமாக விழுந்தது. அன்றைக்குச் சாயந்திரம் தட்டுவடை செட்டு என் செலவு.

பழைய பக்கத்தை வைத்துச் சோதிக்கும் இந்த வழியை அப்புறம் எல்லா இடத்திலும் பிடித்துக்கொண்டேன். சேலத்தில் ஒரு ஜவுளிக் கடைக்கும் செய்தோம், பலித்தது. வாடிக்கையாளர் வாயால் சொல்கிற சூத்திரத்தை நம்பாதீர்கள், அவர் ஏற்கெனவே காசு கொடுத்து முடித்த பக்கத்தைக் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் பெயர்களை மறைத்துவிட்டுத் தரச் சொல்லுங்கள், எண்கள் போதும்.

பெயர்கள் தனிக் கதை. பெரியசாமி என்று தட்டினால் பதினொரு பேர் வந்தார்கள். செல்போன் எண்ணை அடையாளமாக வைக்கலாம் என்பது எங்கள் யோசனை. புரோக்கர் கொண்டுவரும் எட்டு லோடுக்கும் அவர் எண்தான் இருந்தது, யோசனை அங்கேயே படுத்துவிட்டது. அவர்களாகவே ஊர்ப் பேரையும் காட்டுப் பேரையும் சேர்த்துத்தான் அடையாளம் வைத்திருந்தார்கள், கிணத்துக்காட்டுப் பெரியசாமி என்கிற மாதிரி. அதையே எடுத்துக்கொண்டோம். கணக்கர் அண்ணாவுக்குத் தமிழில் தட்டச்சு வராது, மவுஸைத் தொடவே மாட்டார். கை எப்போதும் மண். அதனால் திரை முழுக்க எண்பலகையாலேயே நடக்கும்படி மாற்றினோம். மின்சாரம் போனால் என்ன, நெட் போனால் என்ன என்பதையெல்லாம் திண்டில் உட்கார்ந்திருந்தபோதே பார்த்துவிட்டதால் அதற்குத் தனிக் கூட்டம் தேவைப்படவில்லை.

டெமோ காட்டும் இடத்தையும் மாற்றினோம். ஏசி அறையில் காட்டினால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலை பத்து மணிக்கு, வண்டிகள் வரிசையில் நிற்கும்போது எடைமேடையிலேயே காட்டினோம். சில சமயம் திரையை நிரலில் எழுதக்கூட இல்லை, வெள்ளைத் தாளில் வரைந்து கொண்டுபோனோம். தாள் என்றால் அண்ணா பேனாவை எடுத்து அடித்துவிடுவார். கம்ப்யூட்டரில் காட்டினால் "நல்லாருக்கு தம்பி" என்பார். இந்த வேறுபாட்டுக்காகவே ஒரு கட்டு ஏ4 தாள் பையில் வைத்திருக்கிறேன்.

அஜைலில் ஒரு வகையான ஸ்க்ரம் வழக்கப்படி, எது முதலில் வேண்டும் என்று முடிவு செய்கிற தயாரிப்பு உரிமையாளர் ஒருவர்தான் இருக்க வேண்டும். நாங்கள் சின்ன முதலாளியை வைத்திருந்தோம், எம்பிஏ படித்தவர், எங்கள் பாஷை பேசுவார் என்பதால். அங்கேதான் தப்பு. எங்கள் பாஷை பேசுகிறவர் எங்களுக்குச் சௌகரியம், மில்லுக்கு அல்ல. ஆனால் கணக்கரை அந்த இடத்தில் உட்கார வைக்கவும் முடியாது, அவருக்கு விஷயம் தெரியும், அதிகாரம் இல்லை. கடைசியில் பெயருக்குச் சின்ன முதலாளியே இருந்தார், ஆனால் கணக்கர் தலையாட்டாமல் எதையும் முடிந்ததாகக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று ஒப்புக்கொண்டார். அவர் அதற்குச் சம்மதித்தது பெரிய மனசு.

பணம் பேசுவது பற்றியும் ஒரு வார்த்தை. "மாறிக்கிட்டே இருக்கும்" என்று சொன்னால் எந்த முதலாளியும் "அப்ப மொத்தம் எவ்வளவு?" என்றுதான் கேட்பார், நியாயமான கேள்வி. கொள்முதலுக்கு மட்டும் ஒரு தொகை பேசினோம். புதிதாக ஒன்று உள்ளே வந்தால் அதே அளவு வேலையுள்ள ஒன்று வெளியே போகும், எது போகிறது என்பதை அவர் சொல்ல வேண்டும். இப்படிப் போய்ப் போய், 43ல் 17 ஸ்டோரி கட்டப்படவே இல்லை. அவற்றில் ஒன்று முதலாளி முதல் நாள் ஆசைப்பட்ட மொபைல் டாஷ்போர்டு. "ஏற்காட்டுல இருக்கும்போது எதைப் பாப்பீங்க?" என்று ஒரு நாள் நிதானமாகக் கேட்டதில், இரவு எட்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் நாலு எண் வந்தால் போதும் என்றாகிவிட்டது. எத்தனை லோடு, எத்தனை டன், சராசரி பாயிண்ட், கொடுத்த பணம். அந்தச் சராசரியிலும் ஒரு வாரம் சண்டை ஓடியது. அவர் லோடுகளின் பாயிண்டைக் கூட்டி லோடு எண்ணிக்கையால் வகுப்பார், நாங்கள் எடையையும் சேர்த்துக் கணக்கிட்டோம். இரண்டு டன் டிராக்டரும் பத்து டன் லாரியும் ஒன்றாகுமா என்று தாளில் போட்டுக் காட்டிய பிறகு எங்கள் பக்கம் வந்தார். கேட்டதையெல்லாம் அப்படியே செய்வது தேவை சேகரிப்பு இல்லை என்பதற்கு இதைத்தான் புதுப் பையன்களுக்குச் சொல்வேன்.

இரண்டு சீசன் ஆகிவிட்டது. நோட்டு இன்னும் இருக்கிறது, பாதிதான் எழுதப்படுகிறது. திரையில் பேசித் தீர்த்த பாயிண்டைச் சுற்றிச் சிவப்பு வட்டம் வரும், அண்ணா கேட்டது அது ஒன்றுதான்.

போன மாதம் விடிகாலை ஐந்தரைக்கு அவரிடமிருந்து போன்.

"தம்பி, திப்பி விக்கிற கணக்குக்கும் ஒரு பக்கம் போட முடியுமா? பெரிசா ஒண்ணுமில்ல. எடை போடுறோம், காசு வாங்குறோம், அவ்வளவுதான்."

"போட்டுடலாம்ணா. திப்பி ஏத்துற வண்டி எத்தனை மணிக்கு வரும்?"